செழிப்பு சாட்சி சொல்லாது

1986-இல் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி எர்ணாகுளம் போய் ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தாத்தா செங்கோட்டைப் பக்கத்திலிருந்து சுக்கு, மிளகுப் பண்டகசாலைக்குக் கணக்கெழுத வந்தவர். அப்பாவும் அதே வேலை. பஜார் ரோட்டின் சுக்கு வாசனை எங்கள் வீட்டுத் துணியிலேயே இருக்கும். அந்த வாசனையிலிருந்து நைட்ரிக் அமில நெடிக்குப் போனவள் நான்தான்.

முதல் மூன்று மாதம் பாட்டில் கழுவும் வேலை. சோப்பு போட்டுக் கழுவி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் வடிநீரில் மும்முறை அலச வேண்டும். எதற்கு இத்தனை என்று அப்போது புரியவில்லை. முதல் தடவை பெரியாற்றங்கரைக்கு மண் எடுக்கப் போனபோதுதான் புரிந்தது. வீட்டிலிருந்த தகர வாளியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பத்து இடத்து மண்ணையும் அதில் அள்ளிக் கலந்துதான் பையில் கட்டினேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் வீட்டு முற்றத்து மண்ணையும் அதே வாளியில் எடுத்திருந்தேன். உலோகங்களை அளக்கும் ஏ.ஏ.எஸ் கருவியில் ஓட்டினால் எல்லாவற்றிலும் துத்தநாகம் எகிறி நின்றது, முற்றத்து மண் உட்பட. மூத்த ஆய்வாளர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “மோளே, எதில் அள்ளினாய்?” துருப்பிடிக்காமலிருக்கத் தகரத்தின் மேல் பூசியிருந்த துத்தநாகம் சுரண்டப்பட்டு மண்ணில் கலந்திருந்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியும் மூங்கில் சிராயும்தான். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று தேடுகிறவர்களுக்கு முதல் அழுக்கு தங்கள் கையிலேயே இருக்கும்.

அந்த வேலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த பெயர் ஏலூர். ஆலுவாவுக்குக் கீழே பெரியாறு கிளைபிரிந்து சுற்றிவளைக்கும் தீவு அது. 1947-இல் உர ஆலை ஓடத் தொடங்கியது. 1952-இல் மோனசைட் மணலைப் பிரிக்கும் ஆலை வந்தது. பிறகு டி.டி.டி., காஸ்டிக் சோடா ஆலைகள். அக்கரையில் எடையாரில் 1967-இல் துத்தநாக உருக்காலை. துத்தநாகத் தாது எங்கிருந்து வந்தாலும் அதனுள் கொஞ்சம் காட்மியம் ஒளிந்திருக்கும். இரண்டும் உடன்பிறந்த உலோகங்கள். தாதுவிலிருந்து ஒன்றை எடுத்தால் மற்றது கழிவில் தங்கும், அல்லது தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஏலூரில் குழிக்கண்டம் தோடு என்று ஒரு சின்ன ஓடை. பல பத்தாண்டுகளாக அது சுமந்தது ஆற்றில் சேர்ந்தது, ஆற்று வண்டலில் படிந்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, 70-க்கு மேல் போன இடங்களை மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று குறித்தது. ஏலூரையும் சேர்த்த பெருநகரக் கொச்சிக்கு 75.08.

இந்த எண்கள் வருவதற்கு வெகு நாள் முன்பே எனக்குப் பாடம் நடத்தியது ஒரு காய்கறிப் பாத்தி. தொண்ணூறுகளின் தொடக்கம். ஆற்றங்கரைக்காரர் ஒருவர் காகிதத்தில் மடித்துத் தட்டைப்பயற்று இலைகளைக் கொண்டுவந்தார். இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தது. இரும்புச்சத்துக் குறைவு போலத் தோன்றும். துத்தநாகம் மிஞ்சினாலும் அப்படித்தான் ஆகும். மண் எடுக்கப் போனேன். பயற்றுப் பாத்திக்குப் பக்கத்திலேயே சிவப்புக் கீரை. தண்டு விரல் பருமன், இலை உள்ளங்கை அகலம். “இதற்கு ஒரு குறையும் இல்லை மோளே, வாரத்துக்கு இரண்டு தடவை சந்தைக்குப் போகிறது” என்றார் அவர். ஏனோ தோன்றியது, ஒரு பிடி பறித்துக்கொண்டேன்.

கூடத்தில் முதலில் பயற்றைப் பார்த்தோம். நினைத்தபடி துத்தநாகம் மிகை. பிறகு கீரையை உலர்த்தி, பொடித்து, நைட்ரிக்கும் பெர்குளோரிக்கும் சேர்த்துப் புகைக்கூண்டுக்குள் சூடாக்கினேன். முதலில் பழுப்புப் புகை எழும். அது அடங்கி வெள்ளைப் புகை வந்தால் இலை முழுக்கக் கரைந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியில் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் போலத் தெளிந்த ஒரு திரவம். அந்தச் சிவப்பும் பச்சையும் எங்கே போயின என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும். கருவியில் ஒவ்வோர் உலோகத்துக்கும் தனி விளக்கு உண்டு. காட்மிய விளக்கை மாட்டி ஓட்டினேன். வந்த எண்ணை நம்பாமல் மறுபடியும் கரைத்து, மறுபடியும் ஓட்டினேன். எண் மாறவில்லை. நோயுற்ற பயற்றில் இருந்ததைவிடச் செழித்த கீரையில் பல மடங்கு காட்மியம்.

இதற்கொரு விளக்கம் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. ரூஃபஸ் சேனி என்ற அமெரிக்க மண்ணியலாளர் 1980-இலேயே இதை மண்–செடித் தடுப்பு என்று விளக்கியிருந்தார். துத்தநாகம், செம்பு, நிக்கல் மூன்றும் மிஞ்சினால் தின்கிறவருக்குக் கெடுதி வரும் முன்பே செடி வாடிவிடும். விளைச்சல் விழுவதே எச்சரிக்கை. ஈயமும் பாதரசமும் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலுமே தங்கிவிடும். காட்மியம் இந்த இரண்டு காவலையும் கடந்துபோகும். மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதுமான அளவு இலையில் ஏறிய பிறகும் செடி செழிப்பாகவே நிற்கும். உடம்பில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டு ஆகும். இலைக்கீரைக்கு உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத அளவு அது.

எங்கள் கூடத்து வாசலுக்கு வந்தவர்கள் எல்லோரும் வாடிய செடியோடுதான் வந்தார்கள். செழித்த செடியைப் பரிசோதிக்கக் கொண்டுவருவதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அந்தக் கீரைப் பாத்திக்குப் பிறகு எங்கே போனாலும், நன்றாக இருப்பதிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக்கொள்வேன்.

செடி காட்மியத்தை ஏன் உள்ளே விடுகிறது? அது விரும்பி வாங்குவதில்லை. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றை உள்ளே எடுக்க வேரில் நுண்ணிய வாயில்கள் உண்டு. அந்த வாயில்களுக்குக் காட்மியமும் அவற்றைப் போலவே தெரிகிறது. நெல்லில் காட்மியம் நுழைவது பெரும்பாலும் மாங்கனீசு வாயில் வழியாக என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். ஆர்செனிக் வேறு வேடம் போடும்: காய்ந்த நிலத்தில் பாஸ்பேட் வாயில், நீர் தேங்கிய வயலில் சிலிக்கன் வாயில்.

உள்ளே வந்ததை என்ன செய்வது என்பதில்தான் செடிகளின் சாமர்த்தியம் இருக்கிறது. 1985-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்: காட்மியம் பட்டதும் செடி கந்தகம் நிறைந்த சிறு சங்கிலிகளைத் தயாரித்து அதைக் கட்டிப்போடுகிறது. கட்டியதை இழுத்துப்போய்ச் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் பூட்டிவைக்கிறது. வேரிலேயே பூட்டும் செடி உண்டு, இலைக்கு ஏற்றி அங்கே பூட்டும் செடியும் உண்டு. வேரில் பூட்டினால் தின்கிறவருக்கு லாபம். இலையில் பூட்டினால் பூட்டு நம் வயிற்றில்தான் திறக்கும். நெல்லுக்கு இன்னொரு காவலும் இருக்கிறது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் உலோகம் பிரித்து அனுப்பப்படுகிறது. கணுவில் ஒரு பங்கு நின்றுவிடுவதால் கதிருக்குப் போவது குறைகிறது. வேர், தண்டு, இலை, மணி என்று மேலே போகப்போகப் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் சந்தேகப்பட்ட மண்ணில் காய், மணி வகைகளைவிடக் கீரைக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

நெல்லை எனக்குக் கற்பித்தது கடமக்குடி. ஏலூருக்குக் கீழே, உப்புநீர் ஏறியிறங்கும் தீவுகள். அங்கே விளைவது பொக்காளி நெல். ஏப்ரலில் மதகு வழியாக வயலை வடிப்பார்கள். சேற்றைக் கூட்டிக் கூட்டிச் சிறு மேடுகளாக வைத்து வெயிலில் காயவிடுவார்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை அந்த மேடுகளின் உப்பைக் கழுவியதும் மேட்டின் தலையில் முளைவிட்ட விதை. ஆளுயரம் வளரும். அறுவடைக்குக் கதிரை மட்டும் அரிந்து தாளை அப்படியே அழுகவிடுவார்கள். அதைத் தின்று இறால் வளரும். உரமும் மருந்தும் இல்லாத விவசாயம்.

அங்கே ஒரு மூத்த விவசாயி எனக்காக ஒரு பொக்காளிச் செடியை வேரோடு பிடுங்கி, வாய்க்கால் நீரில் அலசிக் கொடுத்தார். வேர் முழுக்கச் செங்காவி பூசியது போலிருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. ஒரு வேரை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பால் வெள்ளை. “அது துரு மோளே, நல்ல வேருக்கு அந்த நிறம்தான். கருத்த வேர் என்றால்தான் பயப்பட வேண்டும்” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. சேற்றுக்குள் காற்று கிடையாது. நெல் தன் தண்டு வழியாகக் காற்றைக் கீழே இறக்கி வேர் வழியாகக் கசியவிடும். அந்தக் காற்றுப் பட்டதும் சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு துருவாக வேரின் மேல் படியும். அந்தத் துரு உறை பல உலோகங்களை வெளியிலேயே பிடித்துவைக்கும். ஆர்செனிக்கை இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

நீர் நிற்கும்வரை சேற்றுக் கந்தகம் காட்மியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகக் கிடக்கும். வயலை வடித்துக் காயவிட்டால் காற்றுப் பட்டு அந்தப் பிணைப்பு அவிழும், மண் புளிக்கும், காட்மியம் கரைந்து வேருக்கு எட்டும். இங்கே கடல் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பின் குளோரைடு காட்மியத்தைப் பிடித்து நீரில் கரைந்தே இருக்க வைக்கும், மண்துகளில் ஒட்டவிடாது. ஆகவே எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்று மண்ணை மட்டும் அளந்து சொன்னால் பாதி உண்மைதான். நீர் எப்போது நின்றது, எப்போது வடிந்தது, மண் எவ்வளவு புளித்தது, உப்பு எவ்வளவு என்று கேட்டால்தான் மீதி தெரியும். பொக்காளி அரிசியில் நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றின் எந்தக் கிளை, எந்த மதகு என்பதைப் பொறுத்து வயலுக்கு வயல் கணக்கு மாறும். ஒரு வயலின் முடிவை இன்னொரு வயலின் மேல் ஏற்றி எழுதப்பட்ட அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் நேர்மையான விவசாயியின் நெல் விலைபோகாமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் நடந்தது. பின்வீட்டு ஆச்சிக்கு மொட்டைமாடியில் தோட்டம் போட ஆசை. கல்வத்திக் கால்வாயைத் தூர்வாரிக் கரையில் குவித்திருந்த கருஞ்சேற்றை ஆள்விட்டுச் சாக்கு சாக்காக மேலே ஏற்றிவிட்டார். கீரை குபுகுபுவென்று வந்தது. ஒருநாள் ஒரு கட்டுக் கீரையோடு வந்து, “பிள்ளே, ஆக்கித் தின்னு, மருந்தடிக்காத கீரை” என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பாதியைக் கழுவியும் பாதியைக் கழுவாமலும் கூடத்துக்கு எடுத்துப் போனேன். கழுவாத பாதியில் ஈயம் தெளிவாகக் கூடுதல். ஈயம் வேர் வழியாக இலைக்கு ஏறுவது அரிது. தூசியாகவும் மழையில் தெறித்த சேறாகவும் இலைமேல் ஒட்டியிருக்கும். அப்படி ஒட்டியதில் பெரும்பகுதி கழுவினால் போய்விடும். ஆனால் கழுவிய பாதியில் காட்மியம் அப்படியே இருந்தது. அது இலைக்குள்ளே இருப்பது. எந்தத் தண்ணீருக்கும் போகாது.

ஆச்சியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. “கால்வாய்ச் சேறுதானே, அந்தக் காலத்தில் தென்னைக்கு அதைத்தான் போடுவோம்” என்றார். அந்தக் காலத்துச் சேறு வேறு, இந்தக் காலத்துச் சேறு வேறு என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். சேற்றைக் கீழே இறக்கி அதில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைத்தார். கீரைக்கு வேறு மண் வாங்கிக் கொடுத்தேன்.

ஈயத்தைப் பற்றிச் சொல்லும்போது நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. தோப்பும்படிச் சாலையோரத்து இலைகளை அதற்கு முன்பும் பின்பும் பார்த்தவள் நான். சில ஆண்டுகளில் இலைமேல் ஈயம் இறங்கியது கண்கூடு. ஒரு நஞ்சை மண்ணிலிருந்து எடுக்க நாங்கள் பட்ட பாட்டையெல்லாம்விட, அதை வரவிடாமல் நிறுத்திய ஒரே உத்தரவு அதிகம் சாதித்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் செடியை வைத்தே மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்ற பேச்சு எங்கும் பரவியது. நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் பால் நீலப்பச்சையாக வடிகிறது, காய்ந்த பாலில் கால் பங்கு நிக்கல் என்று 1976-இலேயே எழுதியிருந்தார்கள். 2001-இல் புளோரிடாவில் ஒரு பெரணி ஆர்செனிக்கை வாரிக் குடிப்பதாக ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஆர்செனிக் சேர்த்த மண்ணில் வளர்த்தபோது அதன் காய்ந்த இலையில் கிலோவுக்கு 20,000 மில்லிகிராமுக்கு மேல். படத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் தெருவில் சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த பழைய பண்டகசாலைச் சுவர் விரிசல்களில் காலங்காலமாகத் தொங்கும் பெரணி அது! சீப்புப் பல் போல வரிசையாக இலை, நுனியில் ஒரு நீண்ட இலை. சுண்ணாம்பு என்றால் அதற்கு உயிர். சிறுவயதில் அதைப் பிய்த்து விளையாடியிருக்கிறோம்.

ஆர்வத்தில் ஒரு திட்டத்தில் நானும் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் மண் சுத்தமாகிவிடும் என்று பணம் கொடுத்தவர்களிடம் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஹெக்டேரின் மேல்மண், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சுமார் 2,000 டன். கிலோவுக்கு 10 மில்லிகிராம் காட்மியம் என்று வைத்தால் மொத்தம் 20 கிலோ. அதை 3 மில்லிகிராமுக்கு இறக்க 14 கிலோ எடுக்க வேண்டும். சாதாரணப் பயிர் ஹெக்டேருக்கு 5 டன் காய்ந்த தழை தரும், அதில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஏறும் என்றால் ஓர் அறுவடைக்கு 50 கிராம். 280 அறுவடை! காட்மியத்தை நிறைய ஏற்றும் அபூர்வச் செடிகளில் 100 மில்லிகிராம் ஏறும், ஆனால் அவை சின்னஞ்சிறு செடிகள். 2 டன் தழைதான் கிடைக்கும். அப்போதும் 70 அறுவடை. கணக்கைப் பார்த்த கூட்டத்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. அந்தத் திட்டம் நின்றது.

அறுத்த தழையை என்ன செய்வது என்ற கேள்விக்கும் எளிய பதில் இல்லை. மழைக்காலத்தில் காயலெங்கும் ஆகாயத்தாமரை மூடும். அதன் வேர் உலோகத்தைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் வாரிக் கரையில் போட்ட தாமரையை ஆட்கள் தென்னைக்கும் வாழைக்கும் மூடாக்காகக் கொண்டுபோனதை நான் கண்ணால் பார்த்தேன். நீரிலிருந்து ஏறியது நிலத்தில் இறங்கியது. எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் செடியை நட்டால் நஞ்சு இடம்தான் மாறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கக் காட்மியம் கலந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு முறிந்து ‘இத்தாய்–இத்தாய்’ நோய் வந்தது. 1968-இல் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. அங்கே வயல் மண்ணையே மாற்றினார்கள். 1979-இல் தொடங்கிய வேலை 2012-இல்தான் முடிந்தது. கெடுத்த மண்ணைத் திருத்த எத்தனை காலம் ஆகும் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் சொல்வேன்.

ஆகவே கடைசிப் பத்து ஆண்டுகளில் நான் சொன்ன யோசனைகள் எல்லாம் சின்னவை. மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு போடுங்கள். வேம்பநாட்டுக் கக்காச் சிப்பியைச் சுட்ட நீற்றுச் சுண்ணாம்பு இங்கே எளிதில் கிடைக்கும். புளிப்புக் குறைந்தால் காட்மியம் மண்ணோடு ஒட்டும். மக்கிய எருவை நிறையச் சேருங்கள். சந்தேகமான மண்ணில் கீரை வேண்டாம், பூவோ மரமோ வையுங்கள். நெல்லானால், காட்மியம்தான் கவலை என்றால், பால்பிடிக்கும் சமயத்தில் வயலைக் காயவிடாதீர்கள். அதே நீர் ஆர்செனிக்கை அதிகமாக ஏற்றும் என்பதால் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஏலூர் மூழ்கியது. வடிந்ததும் வீட்டு முற்றங்களில் ஒரு சாண் சேறு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுச் சேறு ஒன்றுபோல இல்லை. ஆற்றடியில் பல பத்தாண்டாகப் படுத்திருந்ததை வெள்ளம் எந்த வாசலில் கொண்டு வைத்தது என்று வீடு வீடாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2024 மே மாதம் அதே பகுதியில் பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. வராப்புழையிலும் கடமக்குடியிலும் கூண்டில் மீன் வளர்த்தவர்களின் கண்ணீரை எல்லோரும் பார்த்தார்கள். செத்த மீனுக்கு நாடே திரும்பிப் பார்த்தது. அந்தக் கரைகளில் தழைத்து நிற்கும் செடிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் சிலர் வீடு தேடி வருவதுண்டு. போன வருடம் ஏலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய கட்டு ஒன்றைப் பிரித்தாள். உள்ளே சிவப்புக் கீரை. பூச்சி இல்லை, மஞ்சள் இல்லை, ஓட்டை இல்லை. “இதற்கு என்ன?” என்று கேட்டேன். “ஒன்றுமில்லை சேச்சி. நன்றாகத்தான் இருக்கிறது. குழந்தைக்குச் சோறூட்ட ஆரம்பிக்கப் போகிறேன், அதற்கு முன்னால் பார்த்துவிடலாமே என்று” என்றாள்.

இத்தனை ஆண்டில் நன்றாக இருக்கும் கீரையைப் பரிசோதிக்கச் சொல்லி என் வாசலுக்கு வந்த முதல் ஆள் அவள்தான். கட்டை வாங்கி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லி, முதல் கேள்வியைக் கேட்டேன்: “மண் எங்கிருந்து எடுத்தாய், மோளே?”